சுமோவுக்குச் சொன்ன விலை

ஆரணியில் ஒரு பொருளின் விலையைச் சொல்லலாம். குறையைச் சொல்லக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எந்தச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்திலும் இது எழுதப்பட்டதில்லை. ஆனாலும் தறியில் உட்கார்ந்தவரிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தவர்வரை எல்லோரும் இதற்குள்தான் புழங்கினார்கள். நெய்து வந்த பட்டுச் சேலையை முதலாளி வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். ஓரிடத்தில் இழை அறுந்திருக்கும். அவருடைய விரல் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கும், அவ்வளவுதான். சேலையை மடித்து வைத்துவிட்டு, வழக்கமான கூலியைவிடக் குறைவாக ஒரு தொகையைச் சொல்வார். நெசவாளி ஏன் என்று கேட்கமாட்டான். இழை அறுந்த இடமும், அதன் நீளமும், அதைப் பார்க்காமல் விட்ட கண்ணும் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கியிருந்தன. குறையை வாய்விட்டுச் சொன்னால் அது பொருளை விட்டுவிட்டு ஆளின்மேல் ஏறிக்கொள்ளும். விலையாகச் சொன்னால் பொருளோடு போய்விடும். வீடு விற்பதிலும், சம்பந்தம் பேசுவதிலும், பழைய வண்டி கைமாறுவதிலும் நடைமுறை இதுவேதான்.

பழைய வண்டிக்கு விலை சொல்வதில் மெக்கானிக் சிவப்பிரகாசத்தைத் தாண்டி அந்த ஊரில் ஆள் கிடையாது. வாங்குகிறவர் அவனை அழைத்துப் போவார். அவன் வண்டியைச் சுற்றிப் பார்ப்பான், ஓட்டிப் பார்ப்பான், அடியில் படுத்துப் பார்ப்பான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, விற்கிறவர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு ஒரே ஒரு எண்ணைச் சொல்வான். கேட்ட விலையிலிருந்து ஐந்தாயிரம் குறைந்தால் டயரும் பேட்டரியும் மாற்ற வேண்டும் என்று பொருள். இருபதாயிரம் குறைந்தால் இஞ்சினை இறக்கும் வேலை இருக்கிறது. பாதிக்குக் கீழே போனால், தொடாதே. வாங்க வந்தவர் உடனே எழுந்து, "வீட்ல கலந்துகினு சொல்றோம்" என்பார். விற்கிறவரும் சிரித்த முகத்தோடு வாசல்வரை வந்து வழியனுப்புவார். யார் மானமும் போகாது. பதினெட்டு வருடமாக இப்படிச் சொல்லிவந்ததில் சிவப்பிரகாசத்துக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்த வழக்கத்தை மீறியவன் கதை ஒன்றும் ஊரில் இருந்தது. முள்ளிப்பட்டில் சடையன் என்று ஒரு நெசவாளி. வெளியூர் வியாபாரி ஒருவர் முதலாளி வீட்டில் சேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கூலி வாங்க வந்திருந்த சடையன், "அந்தச் சரிகை ஒரு வருஷத்துல கறுத்துடுங்க" என்று சொல்லிவிட்டான். சொன்னது உண்மைதான். மறுநாள் காலையில் அவன் தறியில் ஏற்றியிருந்த பாவு என்கிற நீளவாட்டு நூலை அறுத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு எந்த முதலாளியும் அவனுக்குப் பாவு கொடுக்கவில்லை. இப்போது அவன் அரிசி மில்லில் மூட்டை தைக்கிறான்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, மே மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. படவேட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து, கண்ணமங்கலத்தில் மாறி, அய்யாக்கண்ணுவும் அவர் மனைவி குணசுந்தரியும் சிவப்பிரகாசத்தின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டரை. அய்யாக்கண்ணு வாழைத்தோட்டக்காரர். ஒருமுறை அவருடைய கிணற்று டீசல் இஞ்சினைச் சிவப்பிரகாசம் போய்ச் சரிசெய்து கொடுத்திருந்தான். அந்த நம்பிக்கையில் வந்திருந்தார்.

"சுமோ ஒண்ணு வெலைக்கு கீதுன்னு சொன்னாங்கணா. பஜார்ல புரோக்கர் சொன்னாரு. நீங்க பாத்து சரின்னா எடுத்துடலாம், இல்லன்னா இல்ல" என்றார் அய்யாக்கண்ணு.

"சொந்த ஓட்டத்துக்கா, வாடகைக்கா?"

"ஸ்கூலுக்குணா" என்றாள் குணசுந்தரி. "மலையடிவாரத்துல எங்க பக்கம் நாலு ஊரு. புள்ளைங்க பஸ்ஸ நம்பி படிக்க முடியல. காலைல கண்ணமங்கலத்துல கொண்டு உடறது, சாயந்தரம் கூட்டிகினு வர்றது. வெள்ளிக்கிழமைன்னா கோயிலுக்கு வர்றவங்க கீறாங்க. பதினாலு புள்ளைங்க இப்பவே பேர் குடுத்துட்டாங்க."

"ஒம்பது பேர் வண்டிங்க அது."

"புள்ளைங்கதான, மடியில ஒண்ணு, மூலையில ஒண்ணுன்னு போயிடும்" என்று சிரித்தாள். 

சிவப்பிரகாசமும் சிரித்தான். மூவரும் கிளம்பி நடந்தார்கள். கொசப்பாளையத்தின் திருப்பத்தில் அய்யாக்கண்ணு சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து முகவரியைப் படித்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. வண்டி ஜெகநாதனுடையது.

ஜெகநாதன் நூற்றிருபது தறிக்குப் பாவு கொடுக்கிற முதலாளி. அந்த நூற்றிருபதில் ஒரு தறி சிவப்பிரகாசத்தின் வீட்டில் இருந்தது. அதில் அவன் மனைவி கீதா நெய்தாள். தறி ஜெகநாதனுடையது, பூவேலை எடுக்க அதன் மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி ஜெகநாதனுடையது, பாவும் பட்டும் சரிகையும் அவருடையவை. கீதாவின் கையும் காலும் மட்டும்தான் அந்த வீட்டுக்குச் சொந்தம். ஒர்க்‌ஷாப்பில் வேலை இல்லாத மாதங்களில் அடுப்பு எரிந்தது அந்தக் கையாலும் காலாலும்தான். பட்டு விலை ஏறி மற்ற முதலாளிகள் தறிகளை நிறுத்தி வைத்த வருடத்திலும் ஜெகநாதன் பாவு கொடுக்கத் தவறியதில்லை. கெட்ட மனிதர் என்று அவரை யாராலும் சொல்ல முடியாது. அதுதான் சங்கடம்.

"இன்னாணா, நின்னுட்டீங்க?" என்றார் அய்யாக்கண்ணு.

"ஒண்ணுமில்ல. வாங்க."

ஜெகநாதன் வாசலிலேயே இருந்தார். வெள்ளை வேட்டி, கைவைத்த பனியன், காதில் செருகிய பென்சில். சிவப்பிரகாசத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீயா வந்துகினு கீற? அப்ப எனக்கு பேஜாரே இல்ல. நம்ம வீட்டு ஆளு." அய்யாக்கண்ணுவின் பக்கம் திரும்பினார். "சரியான ஆளத்தான் புடிச்சிகினு வந்தீங்க. இவன் வீட்ல நம்ம தறிதான் ஓடுது."

அந்தச் சொல் வரவேற்பைப்போலத்தான் வந்தது. சிவப்பிரகாசத்துக்கு அது ஒரு நினைவூட்டலாகவும் கேட்டது.

சுமோ வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நின்றது. தொண்ணூற்றைந்தாம் வருடத்து வண்டி, வெள்ளை நிறம். லாரிக்குப் போடுகிற மாதிரிச் சட்டத்தின்மேல் ஒரு குடும்பம் உட்கார அறை கட்டியதுபோன்ற உருவம். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள். ஜெகநாதன் கேட்ட விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அந்த வருடச் சந்தைக்கு அது நியாயமான விலை.

சிவப்பிரகாசம் பேனட்டைத் திறந்தான். இஞ்சின் ஆறியிருந்தது, அது நல்லது. சூடேற்றி வைத்துக் காட்டுகிறவர்கள்தான் அதிகம். சாவியைத் திருப்பியதும் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. ஓடும்போதே எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். உள்ளிருந்து வந்த காற்று கையைத் தள்ளவில்லை, இஞ்சின் தேயவில்லை. புகைக் குழாயின் பின்னால் போய் நின்றான். முதலில் கொஞ்சம் கறுப்பு, பிறகு ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு விரல் ஆட்டம். ஒன்பது வயது வண்டிக்கு அதைக் குறை என்று சொல்லக் கூடாது. தெருவில் ஒரு சுற்று ஓட்டினான். இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அதற்காக அவன் மனம் மகிழ்ந்தது. ஒரு கியர், ஒரு டயர், ஒரு கதவு என்று சின்னச் சின்னதாக ஏதாவது கிடைத்து, எண் ஒரு லட்சத்து முப்பதில் வந்து நின்றுவிட்டால் போதும் என்று அவன் வேண்டிக்கொண்டிருந்தான்.

இடப்பக்க முன்கதவைச் சற்றுத் தூக்கித்தான் மூட வேண்டியிருந்தது. அவன் குனிந்து அதே பக்கத்து முன்டயரைத் தடவினான். வெளி விளிம்பு புதிதாக இருந்தது. உள் விளிம்பு அரம் போட்டு ராவியதுபோல் வழவழவென்று தேய்ந்திருந்தது. சக்கரம் நேராக நிற்கவில்லை என்று பொருள்.

"ஒரு சாக்கு குடுங்க முதலாளி. அடியில ஒரு பார்வ பாத்துடறேன்."

"பாரு, பாரு. தாராளமா" என்றார் ஜெகநாதன். ஆனால் சாக்கை எடுத்துவரச் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. உள்ளிருந்து அவர் மனைவி கிருஷ்ணம்மாள்தான் கொண்டுவந்து போட்டார்.

வண்டியின் அடியில் ஒன்பது வருடத்துச் சேறு காய்ந்து ஒரே நிறமாக இருந்தது. நீளவாட்டத்தில் இரண்டு இரும்புச் சட்டங்கள். அவற்றைத்தான் சேஸிஸ் என்பது. இஞ்சினும் உடலும் சக்கரங்களும் அவற்றைப் பற்றிக்கொண்டுதான் நிற்கின்றன. இஞ்சினை மாற்றலாம், கதவை மாற்றலாம். சேஸிஸ் போனால் வண்டி போயிற்று. டார்ச் வெளிச்சத்தை வலப்பக்கச் சட்டத்தில் முன்னிருந்து பின்னாக ஓட்டினான். பழுதில்லை. இடப்பக்கத்துக்கு வந்தான். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு மட்டும் சேறு இல்லை. புதுக் கறுப்பு பெயிண்ட்.

ஸ்பேனரால் சட்டத்தைத் தட்டினான். மற்ற இடத்தில் மணிபோல் பேசிய இரும்பு அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டது. ஸ்க்ரூடிரைவரால் பெயிண்டைச் சுரண்டினான். அடியில் தகட்டு ஒட்டு. ஓரம் முழுக்க வெல்டிங் தழும்பு. எப்போதோ முறிந்த சட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. நன்றாக வைத்த ஒட்டு தாங்கும். ஆனால் ஒட்டு முடிகிற இடத்துக்கு அரை விரற்கடை தள்ளி, மேலிருந்து கீழாக ஒரு மயிர்க்கோடு ஓடியது. அதன் இரு கரையிலும் துரு கசிந்து பழுப்பாக இறங்கியிருந்தது.

அந்த நேரத்தில் வண்டி மெல்ல அசைந்தது. குணசுந்தரி பின்கதவைத் திறந்து உள்ளே ஏறியிருந்தாள். இருக்கையிலிருந்து இருக்கைக்கு அவள் நகர்வதும், "மாமா, இந்தப் பக்கம் அஞ்சி பேர் ஒக்காரலாம்" என்பதும் மேலிருந்து கேட்டன. பின்னாலிருந்து முன்னிருக்கைக்கு அவள் வந்து உட்கார்ந்தபோது, சிவப்பிரகாசத்தின் கண்ணுக்கு ஒரு முழம் மேலே அந்தக் கோடு திறந்தது. நூலளவுதான். அவள் எழுந்ததும் மூடிக்கொண்டது.

அவன் டார்ச்சை அணைத்தான். அணைத்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். ஓர் ஆள் உட்கார்ந்த கனத்துக்கே வாய் திறக்கிற இரும்பு. பதினாலு பிள்ளைகளும் அவர்கள் பைகளும். படவேட்டுப் பக்கத்து மண்பாதையின் மேடும் பள்ளமும். ஒரு நாள் முழுவதுமாக விட்டுப்போகும். அன்றைக்கு ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பும், சக்கரம் இன்னொரு பக்கம் போகும்.

வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் கை கழுவினான். ஜெகநாதன் தானே வந்து மக்கில் தண்ணீர் ஊற்றினார். அது அவர் வழக்கமில்லை.

"இன்னா சிவா, ரொம்ப நேரம் படுத்துகினு இருந்தியே. தூங்கிட்டியா?"

"இல்லீங்க." சோப்பை மறுபடியும் கையில் எடுத்தான். "முதலாளி, ஒரு வாட்டி நீங்களே குனிஞ்சி பாத்துக்கறது நல்லது."

"நான் பாக்கறதுக்கா உன்ன கூட்டிகினு வந்தாங்க?" தண்ணீர் தடையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. "நாலு வருஷமா நான் அதுல காஞ்சிபுரம் போய்கினு வந்துகினு கீறேன். என் பொண்டாட்டி ஒக்காந்து வர்றா. எனக்கு ஒண்ணும் ஆவல." குரலைச் சற்றுத் தாழ்த்தினார். "கீதாவுக்கு இந்தப் பாவு எப்ப முடியுது?"

"இன்னும் ஒரு சேலைங்க."

"முடிச்சதும் வரச் சொல்லு. முகூர்த்தச் சேலைப் பாவு ஒண்ணு வந்து கீது. கூலி நல்லா இருக்கும். அவ கைக்கு குடுக்கலாம்னுதான் தனியா வச்சிகினு கீறேன்."

சிவப்பிரகாசம் ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். பாவு தருவேன் என்று சொல்லப்பட்டது. தராமல் இருப்பேன் என்பது சொல்லப்படவில்லை. அதுவும் அந்த ஊர் வழக்கப்படிதான் இருந்தது.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணம்மாள் காப்பி கொண்டுவந்தார். சிவப்பிரகாசம் தம்ளரைக் கீழே வைப்பதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அய்யாக்கண்ணுவின் கண் அவன் வாயிலேயே இருந்தது. அவன் மனத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தான். பாதிக்குக் கீழே என்றால் எழுபதுக்குக் கீழே. ஐம்பத்தைந்து என்று சொன்னால் ஜெகநாதனை அவர் வீட்டிலேயே அடித்ததுபோல் ஆகும். அறுபத்தைந்து என்றால் குரல் போதாது.

"அறுபது" என்றான்.

கிருஷ்ணம்மாள் காலித் தம்ளர்களை எடுக்கக் குனிந்தவர் எடுக்காமல் உள்ளே போய்விட்டார். பதினெட்டு வருடத்தில் சிவப்பிரகாசம் எந்த வண்டிக்கும் அவ்வளவு கீழே போனதில்லை. ஊர் அறிந்த முறைப்படி இதற்குமேல் உரக்கக் கத்த வழியே கிடையாது. இனி ஜெகநாதன் சிரிக்க வேண்டும். "அதுக்கு நானே வச்சிக்கறேன்" என்று சொல்ல வேண்டும். அய்யாக்கண்ணு எழுந்து கும்பிட வேண்டும்.

ஜெகநாதன் காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"சரி" என்றார். "புள்ளைங்க படிப்புக்குன்னு சொல்றாங்க. அறுபதுக்கே எடுத்துக்கட்டும்."

சிவப்பிரகாசம் நிமிர்ந்து பார்த்தான். ஜெகநாதன் அவனைப் பார்க்கவில்லை. அய்யாக்கண்ணு எழுந்துவந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எண்பதாயிரம் எறக்கிட்டீங்களேணா! ஒரு வார்த்தையில. நான் அஞ்சாயிரம் கொறஞ்சா போதும்னு வந்தேன்."

"நான் சொல்லல?" என்றாள் குணசுந்தரி. "அவரு வாய தொறந்தா அதுக்கு மேல பேச்சு கெடையாதுன்னு."

அப்போதுதான் தான் செய்த தவறு சிவப்பிரகாசத்துக்கு விளங்கியது. படவேட்டில் வாழைத்தார் வாங்க வரும் வியாபாரி, தாரின் முன்னால் நின்றே, காம்பு அழுகல், காய் வெம்பல் என்று பட்டென்று சொல்வான். தோட்டக்காரரும் பதிலுக்குச் சண்டை போடுவார். குறை அங்கே வாயால் பேசப்படும், விலை வெறும் விலையாக இருக்கும். ஆரணியின் கணக்கு அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? ஓட வேண்டும் என்று சொல்லி எறிந்த கல்லை, அவர் பூவென்று கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் வெளிய வாங்க" என்று அய்யாக்கண்ணுவைத் தெருவுக்கு அழைத்துப் போனான். பத்தடி தள்ளி ஒரு மின்கம்பத்தின் அருகே நின்றார்கள். கொட்டகைக்குள் ஜெகநாதன் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்று நின்று தொடர்ந்தது.

"இது வேணாங்க. வேற பாக்கலாம். ஆற்காட்டுல ஒண்ணு கீது."

"ஏன்?"

"வேணாம்னு தோணுது."

அய்யாக்கண்ணு அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். நட்பாகத்தான் பார்த்தார். ஆனால் அந்தப் பார்வைக்குள் ஒரு வியாபாரியின் கண்ணும் வந்து உட்கார்ந்தது.

"ஒரு லட்சத்து நாப்பது சொன்ன வண்டி. அறுபதுக்கு முடிச்சி குடுத்ததும் நீங்கதான். இப்ப வேணாங்கறதும் நீங்கதான். இன்னாணா, அறுபதுக்கு நீங்களே எடுத்துக்கலாம்னு கீறீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் பாதிதான் சிரிப்பாக இருந்தது.

"அப்படி இல்லீங்க."

"அப்ப வண்டியில இன்னா கோளாறு? சொல்லுங்க. நான் போயி நேரா அவரையே கேக்கறேன். கேட்டா போச்சு."

கேட்பார். அதில் ஐயமே இல்லை. கொட்டகை வாசலில் நின்று, தெரு கேட்க, 'இன்னாங்க, சேஸிஸ் ஒடஞ்சி கீதாமே, உங்க சிவா சொல்றாரு' என்று கேட்பார். காதோடு சொன்னாலும் அது ஜெகநாதனின் முகத்துக்கு நேரே சொன்னதாகவே போய் முடியும். நடுவில் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பதைச் சிவப்பிரகாசம் கண்டுகொண்டான். அவன் தறி இருக்கும் அறையை நினைத்தான். தறியைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு, கால் மிதிக்கும் குழி மட்டும் வெறுமையாகக் கிடப்பதையும், அதன் விளிம்பில் கீதா காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதையும் நினைத்தான்.

"கோளாறு..." என்று தொடங்கி, "ரெண்டாவது கியரு கொஞ்சம் முரண்டுது" என்று முடித்தான்.

அய்யாக்கண்ணு முதுகில் தட்டினார். "அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு பில்டப்பு? வாங்க, ஜல்தியா முடிச்சிடலாம். பன்னண்டுக்கு ராகுகாலம் இல்லியே?"

"நாலரைக்கு மேலதான்" என்று ஜெகநாதன் கொட்டகையிலிருந்தே பதில் சொன்னார். அவ்வளவு நேரமும் அவர் காது இங்கேதான் இருந்திருக்கிறது.

எல்லாம் விரைவாக நடந்தது. கிருஷ்ணம்மாள் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். தட்டை வைக்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜெகநாதன் அதன் நடுவில் வண்டியின் சாவியை வைத்தார். அய்யாக்கண்ணு மடியிலிருந்து துணிமுடிப்பை அவிழ்த்தார். குணசுந்தரி மறுபடியும் வண்டிக்குள் ஏறிவிட்டாள். இந்த முறை ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஸ்கூல் தொறக்கற அன்னைக்கு நீங்களே வந்து ஓட்டணும்" என்று குரல் கொடுத்தாள். "முன்னாடி எங்க சத்யப்ரியா ஒக்காருவா. இப்பவே எடம் புடிச்சி வச்சிகினு கீது. ஜன்னல் பக்கம்தான் வேணுமாம்."

சத்யப்ரியா அவர்களுடைய மகள், ஆறாம் வகுப்புக்குப் போகிறவள். டீசல் இஞ்சின் சரிசெய்யப் போன அன்று மோர் கொண்டுவந்து கொடுத்தது அந்தப் பெண்தான் என்பது சிவப்பிரகாசத்துக்கு நினைவு வந்தது. முன்னிருக்கை. ஜன்னல் பக்கம். இடது பக்கம். அந்த இருக்கைக்கு நேர் கீழேதான் அந்தக் கோடு.

ஆரணியில் வண்டி கைமாறும்போது விற்கிறவர் சாவியைத் தம் கையால் கொடுக்கமாட்டார். விலை சொன்னவன்தான் தட்டிலிருந்து எடுத்து வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும். சொன்ன விலைக்கு அவனே சாட்சி என்பது அதன் பொருள். ஜெகநாதன் தட்டைச் சிவப்பிரகாசத்தின் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"எடுத்துக் குடு சிவா. உன் கையால."

அவன் சாவியை எடுத்தான். அய்யாக்கண்ணு இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார். வாழைக்கறை படிந்து விரல் இடுக்கெல்லாம் கறுத்த கைகள். சாவிக்கும் அந்தக் கைகளுக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி இருந்தது.

சிவப்பிரகாசத்தின் கை நகரவில்லை.

"குடுப்பா" என்றார் ஜெகநாதன். சத்தம் உயரவில்லை. "கீதாவ நாளைக்கே வரச் சொல்லு. பாவு நாளைக்கே தர்றேன்."

சிவப்பிரகாசம் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டான். கொட்டகைக்கு வெளியே தெருவில் போகிறவருக்கும் கேட்கும் குரலில் சொன்னான்.

"அய்யாக்கண்ணு அண்ணே, அவங்கள மொதல்ல வண்டியில இருந்து எறங்கச் சொல்லுங்க."

"இன்னாச்சு?"

"சிவா" என்றார் ஜெகநாதன்.

"வண்டியோட சேஸிஸ் ஒடஞ்சி கீது." சொல்லிவிட்ட பிறகு அடுத்த சொற்கள் தாமாக வந்தன. "எடது பக்கம், முன் சக்கரத்துக்குப் பின்னால. முன்னாடி எப்பவோ அடிபட்டு ஒட்டு போட்டுகீறாங்க. மேல கறுப்பு பெயிண்ட் அடிச்சி கீது. ஒட்டுக்குப் பக்கத்துல இப்ப மறுபடியும் விட்டுகினு வருது. உங்க வீட்டம்மா ஏறி ஒக்காந்தப்ப அது தொறந்து மூடுனத நான் கீழ படுத்துகினு கண்ணால பாத்தேன். அறுபதுன்னு நான் சொன்னது வெலை இல்லீங்க. வாங்காதீங்கன்னு சொன்னேன். எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். உங்களுக்கு புரியாதுன்னு தெரிஞ்சப்புறமும் வாய மூடிகினு நின்னது என் தப்பு."

பின்பு, பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, விற்கிறவரின் முகத்தைப் பார்த்தபடியே விற்கிற பொருளைப் பற்றிப் பேசினான்.

"முதலாளி, இதுல நீங்களும் அம்மாவும் காஞ்சிபுரம் போவாதீங்க. இந்த வண்டி ஒடஞ்ச வண்டி."